பனியனுக்குள் இருந்த வியாபாரி

திருப்பூருக்கு வந்த புதிதில் என்னைத் தினமும் சீண்டிய கேள்வி ஒன்று உண்டு. நாங்கள் குடியிருந்தது வேலம்பாளையத்தில். வேலை வீரபாண்டியில். நடுவில் பஸ் மாற வேண்டும். எந்த பஸ்ஸில் ஏறினாலும், பக்கத்தில் உட்காரும் பெண் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்த கையோடு, "எந்த பனியன் கம்பெனிங்க?" என்று கேட்பார். வேலைக்குப் போகிறீர்களா, என்ன வேலை என்றெல்லாம் கேட்பதில்லை. காலை நேரத்தில் டிபன் பாக்ஸோடு ஒருத்தி பஸ்ஸில் நின்றால் பனியன் கம்பெனியைத் தவிர வேறெங்கே போவாள் என்பது போன்ற கேள்வி அது. "எங்கள் கம்பெனியில் பனியன் தைப்பதில்லை, சின்னப் பிள்ளைகளுக்குக் கவுனும் பைஜாமாவும்தான்" என்று நான் விளக்கம் சொல்வேன். "அதானுங்க, பனியன் கம்பெனி" என்று அவர் தலையாட்டிக்கொள்வார். இந்த ஊரில் இழுத்தால் நீளுகிற துணி எல்லாமே பனியன் துணி. ஜெர்மனியில் ஒரு குழந்தை போட்டுக்கொண்டு தூங்கப்போகும் பூப்போட்ட இரவு உடையும் பனியன்தான். மெஷின் துடைக்கும் கழிவுத் துணிக்குக்கூட பனியன் வேஸ்ட் என்றுதான் பெயர்.

ஊரில் இருக்கும் உங்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். சாத்தான்குளம் பக்கத்தில் நாம் வளர்ந்தபோது பனியன் என்பது சட்டைக்குள் ஒளிந்திருக்க வேண்டிய பொருள். வாசலில் யாராவது கூப்பிட்டால் என் அப்பா பனியனோடு வெளியே வரமாட்டார். சட்டையைத் தேடி உள்ளே ஓடுவார். துணி காயப்போடும்போது அம்மா சேலையையும் வேட்டியையும் தெருப்பக்கக் கொடியில் போடுவாள், பனியனைப் பின்பக்கம் கொண்டுபோய்விடுவாள். அப்படிப்பட்ட வீட்டில் எம்.ஏ. இங்கிலீஷும் பி.எட்.டும் படித்துவிட்டு, பள்ளிக்கூட வேலைக்குக் காத்திருந்து அலுத்து, மெஷின் மெக்கானிக்கான என் கணவர் செல்வினோடு பெட்டி கட்டிக்கொண்டு திருப்பூருக்கு வந்தேன். "ஏட்டி, சபையில கேக்காவ. நான் எக்ஸ்போர்ட்டுனுதான் சொல்லியிருக்கேன். நீ வாய் தவறிப் பனியன் கம்பெனினு சொல்லிறாத, கேட்டியா?" என்று அம்மா போனில் எச்சரித்தாள். எனக்கும் அந்தச் சொல்லில் ஒரு கூச்சம் இருந்தது. பஸ்ஸில் நான் சொன்ன விளக்கமெல்லாம் அந்தக் கூச்சத்தில் வந்ததுதான்.

என் முதலாளி நாச்சிமுத்து பொங்கலூர்க்காரர். காலையில் தோட்டத்தில் தண்ணீர் திருப்பிவிட்டுவிட்டு, குளித்து, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு கம்பெனிக்கு வருவார். செருப்பில் மட்டும் செம்மண் ஒட்டியிருக்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் என் மேஜைப் பக்கம் வந்து, "ஏனுங்க டீச்சர்" என்றார். பி.எட். படித்தவள் என்று தெரிந்ததும் அவர் வைத்த பெயர் அது. பிறகு கம்பெனி முழுவதற்கும் நான் டீச்சர்தான். நம் பக்கத்தில் ஏன் என்றால் காரணம் கேட்பது. ஆகவே நான் எழுந்து நின்று, ஏன் தாமதம், ஏன் கம்ப்யூட்டர் இன்னும் ஆன் ஆகவில்லை என்று வரிசையாகக் காரணம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இல்லீங்க, டீ குடிச்சீங்களான்னு கேக்க வந்தனுங்க" என்றார். இந்த ஊரில் கூப்பிடுவதே அப்படித்தான் என்று அப்புறம்தான் தெரிந்தது. கோபம் வந்தாலும் அவருக்கு அந்த 'ங்க' விட்டுப்போகாது. "அறிவிருக்குதுங்களா உங்களுக்கு?" என்று ஒருமுறை துணி வெட்டும் மாஸ்டரைக் கேட்டார். நம் ஊரில் அன்போடு கூப்பிடுவதுகூட இதைவிடக் காரமாக இருக்கும்.

நாச்சிமுத்து பல வருடமாக ஜாப் ஒர்க் செய்துவந்தவர். பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனிகள் வெட்டிக் கொடுக்கும் துணியைத் தைத்துத் திருப்பிக் கொடுப்பது. எவ்வளவு நன்றாகத் தைத்தாலும் பெட்டியின் மேல் பெரிய கம்பெனியின் பெயர்தான் இருக்கும். தன் பெயரில் ஒரு ஆர்டர் வாங்கி, தன் பெயர் போட்ட அட்டைப் பெட்டியில் சரக்கை வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை. இங்கிலீஷில் மெயில் எழுதவும் போனில் பேசவும் ஆள் வேண்டும் என்று என்னைச் சேர்த்ததே அதற்காகத்தான். நான் சேர்ந்து கொஞ்ச காலத்தில் இங்கிலாந்திலிருந்து ஒரு சிறிய நிறுவனம் எங்களுக்கு முதல் ஆர்டர் கொடுத்தது. பெண்கள் கோடையில் போடும் கையில்லாத மேலாடை. பழைய காலத்து ஆண்கள் பனியனைப் போலவே வெட்டு. அந்த வரிசைக்கு 'பானியன்' என்றே பெயரும் வைத்திருந்தார்கள். பனியனே தைத்திராத பனியன் கம்பெனிக்கு, கடைசியில் பனியன் ஆர்டர் வந்துவிட்டது. "கார்ட்டன் மேல நம்ம பேரு வருமுங்க டீச்சர்" என்று நாச்சிமுத்து பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லும்போது கையால் காற்றில் பெட்டியின் பக்கவாட்டைத் தடவிக் காட்டுவார்.

இந்த ஊரின் வேலை முறையில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆர்டர் கொடுத்தவர்கள் மாதிரி உருப்படி ஒன்றைப் பார்த்து, சரி என்று ஒப்புக்கொண்டு, கையெழுத்துப் போட்டு அனுப்புவார்கள். அதுதான் சீல் சாம்பிள். அதற்குப் பிறகு அதில் ஒரு நூலைக்கூட யாரும் மாற்றக் கூடாது. பக்கத்துக் கம்பெனி ஒன்றில் நடந்ததாக ஒரு கதை உண்டு. சாம்பிள் தைக்கும்போது வெள்ளை நூல் தீர்ந்துபோய், உள் மடிப்பில் கொஞ்ச தூரம் மஞ்சள் நூலில் தைத்துவிட்டார்களாம். அதைக் கவனிக்காமல் வெளிநாட்டிலும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். இங்கே மொத்த ஆர்டரிலும், ஒவ்வொரு உருப்படியிலும், அதே இடத்தில் மஞ்சள் நூலை மெனக்கெட்டு வைத்துத் தைத்து அனுப்பினார்களாம். திருப்பூர்க்காரர்களைத் தவிர வேறு யாருக்கும் இந்தத் தவறு செய்யத் தோன்றாது. நான் சிரித்தபோது நாச்சிமுத்து சிரிக்கவில்லை. "அவங்க பண்ணுனதுல தப்பில்லீங்க. சீல் போட்டாச்சுன்னா அதான் வேதம்" என்றார்.

எங்கள் ஆர்டரில் உடுப்போடு தொங்கும் அட்டைக்கும் சீல் ஆகிவந்தது. டேக் என்பார்கள். பழுப்பு நிற அட்டையில் அழகான ஒரு ஆலமரம், கீழே பொடி எழுத்தில் ஒரு குறிப்பு. இந்தியாவின் புனிதமான ஆலமரத்தின் நிழலில் அமர்ந்து நெசவாளிகள் தலைமுறை தலைமுறையாக இந்த ஆடையை உருவாக்கிவருகிறார்கள், அந்த மரத்தின் பெயரே ஆடைக்கும் வந்தது என்று எழுதியிருந்தார்கள். முதலில் படித்தபோது எனக்கு நெருடவில்லை. இங்கிலீஷில் ஆலமரத்துக்கும் பானியன்தானே பெயர், இருக்கலாம் என்று நினைத்தேன். ஆனால் ராத்திரி சாப்பிடும்போது எதிரே பனியனோடு உட்கார்ந்திருந்த செல்வினைப் பார்த்ததும் ஒரு சந்தேகம் வந்தது. மரத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

கம்பெனியில் ஒரு உருப்படியில் கறையோ ஓட்டையோ வந்தால் யாரையும் உடனே திட்டுவதில்லை. பின்னோக்கிப் போவார்கள். உருப்படியிலிருந்து கட்டுக்கு, கட்டிலிருந்து வெட்டிய மேஜைக்கு, அங்கிருந்து ஒன்றாகச் சாயம் போட்ட லாட்டுக்கு, பிறகு துணி பின்னிய மெஷினுக்கு, கடைசியில் நூல் வந்த மில்லுக்கு. எங்கே பிசகியது என்று கண்டுபிடித்துவிட்டுத்தான் நிமிர்வார்கள். வந்த நாளிலிருந்து நான் வியந்து பார்த்த வழக்கம் இது. சொல்லையும் அப்படித் தேடிப் பார்க்கலாமே என்று தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்தேன். சபைக்கு வரும் ஒரு கல்லூரி ஆசிரியை மூலம், அவர்கள் நூலகத்தில் சொற்களின் வரலாறு சொல்லும் தடித்த ஆங்கில அகராதியைப் பார்க்கவும் அனுமதி கிடைத்தது.

இன்று நாம் பனியன் என்று சொல்வது நமக்கு ஆங்கிலேயர் வழியாக வந்த சொல். அவர்கள் உள்ளாடைக்கு அந்தப் பெயரை வைப்பதற்கு முன்பு, வெயில் தாங்காமல் வீட்டில் போட்டுக்கொண்ட தொளதொளப்பான அங்கிக்கு பானியன் என்று பெயர் வைத்திருந்தார்கள். இந்திய வியாபாரிகளைப் பார்த்துப் போட்டுக்கொண்ட உடுப்பு அது. அதற்கும் முன்பு பானியன் என்பது அந்த வியாபாரிகளையே குறித்தது. ஆங்கிலேயருக்கு இந்தச் சொல்லைக் கொடுத்தவர்கள் போர்ச்சுகீசியர். இதைப் படித்ததும் எனக்கு ஒரு சொந்தம் வந்துவிட்டது. நம் கடற்கரையில் இறங்கி ஜன்னலையும் மேசையையும் அலமாரியையும் நம் வாயில் போட்டுவிட்டுப் போனவர்கள் அவர்கள்தானே. சட்டையில் பொத்தான் போடும் துளையை இங்கே காஜா என்கிறோம். அதுவும் அவர்கள் கொடுத்ததுதான், அவர்கள் மொழியில் அதற்கு வீடு என்று பொருளாம். போர்ச்சுகீசியருக்கு பானியன் என்ற சொல் அரபு மாலுமிகளிடமிருந்து கிடைத்திருக்கலாம் என்கிறார்கள். எல்லாருக்கும் மூலம் குஜராத்தி. அங்கே வியாபாரம் செய்பவர் வாணியோ, பலரானால் வாணியா. அதற்கும் பின்னால் சமஸ்கிருதத்தில் வணிஜ். நமது வணிகரும் வாணிகமும் அந்தக் குடும்பம்தான். எங்கிருந்து எங்கே போனது என்று படித்த பெரியவர்களுக்குள் சண்டை உண்டு; அதற்குள் நான் தலையைக் கொடுக்கவில்லை.

மரத்தின் கதை அதைவிட வேடிக்கை. பாரசீக வளைகுடாப் பக்கம் ஒரு துறைமுகத்தில் பெரிய மரம் ஒன்று நின்றிருக்கிறது. அங்கே போய்க் கடை போட்டிருந்த நம் குஜராத்தி வியாபாரிகள் அதனடியில் கூடுவார்கள், சாமி கும்பிடுவார்கள். அதைப் பார்த்த ஐரோப்பியர்கள் அதற்கு பானியன்களின் மரம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். பிறகு எங்கே ஆலமரத்தைப் பார்த்தாலும் அதே பெயர். மரத்தால் ஆடைக்குப் பெயர் வரவில்லை. வியாபாரியால் மரத்துக்கும் பெயர் வந்தது, ஆடைக்கும் பெயர் வந்தது. எனக்கு அந்த நூலகத்தில் வாய்விட்டுச் சிரிப்பு வந்தது. உடனே உடம்பு சிலிர்த்தது. எத்தனை துறைமுகம், எத்தனை வாய் மாறி இந்தச் சொல் வந்திருக்கிறது! ஊரெல்லாம் சுற்றிவிட்டுக் கடைசியில், வியாபாரத்தைத் தவிர வேறு பேச்சில்லாத திருப்பூரில் வந்து உட்கார்ந்திருக்கிறது. இந்தச் சொல்லைச் சொல்லவா நான் இத்தனை நாள் கூச்சப்பட்டேன் என்று இருந்தது. பஸ் ஏறும்போது என் நடையே மாறியிருந்ததாக ஞாபகம்.

மறுநாள் காலை அச்சடித்த டேக்குகளின் முதல் கட்டோடு ஜிதுபாய் வந்திருந்தார். லேபிள், எலாஸ்டிக், ஜிப், டேக் எல்லாம் அவரிடம்தான் வாங்குவோம். ராஜ்கோட் பக்கத்திலிருந்து அவருடைய தாத்தா கோயம்புத்தூருக்குப் பிழைக்க வந்தவர். ஜிதுபாய் பேசும் தமிழைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் பொங்கலூர்க்காரர் என்றே நினைப்பீர்கள். நாச்சிமுத்து ஒரு டேக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க டீச்சர், பாத்தீங்களா? பிரிண்ட் கண்ணாடியாட்டம் இருக்குதுங்க."

"பிரிண்ட் நல்லா இருக்கு சார். எழுதியிருக்கதுதான் தப்பு."

"ஸ்பெல்லிங்ங்களா?" என்று ஜிதுபாய் பதறினார்.

"இல்ல, விஷயமே தப்பு."

நான் அதைத் தமிழில் படித்துச் சொன்னேன். மர நிழல், நெசவாளிகள், தலைமுறை தலைமுறையாக என்று சொல்லச் சொல்ல நாச்சிமுத்துவின் முகம் மாறிக்கொண்டே வந்தது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ட்யூப் லைட் வரிசைக்குக் கீழே மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. மதுரை, தேனி, தென்காசி என்று பல ஊர்ப் பெண்கள் தலை நிமிராமல் தைத்துக்கொண்டிருந்தார்கள்.

"இங்க எங்கீங்க மரம் இருக்குது? இந்தக் கூரையப் போடறதுக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இவங்க நம்மள மரத்தடியில உக்கார வெச்சுட்டாங்களே" என்றார்.

பிறகு நான் கண்டுபிடித்ததைச் சொன்னேன். குஜராத்தி, வாணியோ என்று வாயெடுத்ததும் ஜிதுபாய் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "வாணியோங்களா? அது நாங்கதானுங்க! எங்கூட்டாளுங்க அத்தன பேரும் வாணியாதானுங்க!" என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். நாச்சிமுத்து அவரை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப இத்தன வருசமா ஜிதுபாயத்தான் நானு சட்டைக்குள்ள போட்டுட்டுத் திரிஞ்சனுங்களா?" என்றார். "அதுக்குத்தானுங்க பில்லுக் கேட்டு வந்தாக்கூட இத்தன பாசமா உக்கார வெக்கறீங்க" என்றார் ஜிதுபாய். மூன்று பேரும் சிரித்தோம்.

சிரித்து முடித்ததும் கண் மறுபடி டேக் கட்டின் மேல் போனது. டேக்குக்கு சீல் ஆகிவிட்டது என்பது மூன்று பேருக்கும் தெரியும். இதைச் சரிசெய்யச் சொல்லி எழுதினால், கையெழுத்துப் போட்டவர்களையே தப்பு என்று சொன்னதாகும். முதல் ஆர்டர் கொடுத்தவர்கள். முகம் சுளித்துவிட்டு வேறு கம்பெனியைப் பார்த்துப் போனால் நாச்சிமுத்து மறுபடி ஜாப் ஒர்க்குக்குத்தான் திரும்ப வேண்டும். எனக்கே பயமாகத்தான் இருந்தது. "விட்டுருவோமா சார்? யார் படிக்கப் போறா?" என்றேன். அவர் ஒரு டேக்கைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தையல் பகுதிக்குள் போய்விட்டார். அங்கே மெஷின்களுக்கு நடுவில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்ததைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். டீ வந்து, ஆறி, ஆடையும் படிந்துவிட்டது. திரும்பி வந்ததும் கேட்டார்.

"டீச்சர், எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. இது சாம்பிளுங்களா, லேபிளுங்களா?"

எனக்குக் கேள்வியே புரியவில்லை. அவரே விளக்கினார். சாம்பிள் என்றால் அவர்கள் விருப்பம். மஞ்சள் நூல் வேண்டுமென்றாலும் வைத்துக் கொடுக்க வேண்டியதுதான். லேபிள் அப்படியில்லை. சுத்தப் பருத்தி என்று லேபிள் சொன்னால் துணி சுத்தப் பருத்தியாக இருக்க வேண்டும். ஒருமுறை பாலியஸ்டர் கலந்த துணிக்குப் பருத்தி லேபிளை வைத்துத் தைக்கச் சொன்ன ஒரு பெரிய கம்பெனியின் துணியை அப்படியே திருப்பி அனுப்பியவர் அவர். அந்த வேலை அதோடு போயிற்று. கட்டிங் மாஸ்டர் அதை எனக்கு முன்பே சொல்லியிருக்கிறார்.

"சாம்பிள் அவங்க பேச்சுங்க. லேபிள் நம்ம பேச்சு. இதுல நம்மளப் பத்தி எழுதியிருக்குதுங்க. இது லேபிள்தான். தப்பான லேபிளோட சரக்கு நம்ம கம்பெனிய உட்டுப் போகாதுங்க. மெயில் போடுங்க."

"ஆர்டர் போனாலும் போயிரும் சார்."

"தெரியுமுங்க" என்றார். "அதனால கொஞ்சம் 'ங்க' போட்டு எழுதுங்க."

இங்கிலீஷில் 'ங்க' போடுவது எப்படி என்று எம்.ஏ.வில் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. இருக்கிற பணிவான சொற்களையெல்லாம் அள்ளிப் போட்டு, மன்னிக்கவும், தயவுசெய்து, தங்கள் அன்பான கவனத்துக்கு என்று சுற்றி வளைத்து, விஷயத்தை நடுவில் வைத்து எழுதினேன். அனுப்பிய சிறிது நேரத்தில் ஹெலனிடமிருந்து போன் வந்தது. அந்த நிறுவனத்தில் எங்கள் ஆர்டரைக் கவனிக்கும் பெண் அவர். எடுத்ததுமே, "எத்தனை நாள் தாமதமாகும்?" என்று கேட்டார். தாமதமே இல்லை என்றேன். "துணியில் கோளாறா?" இல்லை. "சாயமா? நேராகச் சொல்லுங்கள், எனக்குப் பழக்கம்தான்." திருப்பூரிலிருந்து இவ்வளவு பணிவாக மெயில் வந்தால் சரக்கு தாமதம் என்றுதான் பொருளாம், மெயிலை முழுதாகப் படிக்காமலேயே போனை எடுத்திருக்கிறார். "சரக்கில் ஒன்றுமில்லை. டேக்கில் உள்ள கதை உண்மையில்லை" என்றேன். கதையா என்று அவர் திரும்பக் கேட்டார். பிறகு, மேலே கேட்டுச் சொல்கிறேன், அதுவரை டேக் மாட்ட வேண்டாம் என்று சொல்லி வைத்துவிட்டார்.

பதில் உடனே வரவில்லை. தைத்து, இஸ்திரி போட்டு, மடித்த பனியன்கள் டேக் இல்லாமல் மேஜை மேஜையாக நிறைந்துகொண்டே வந்தன. கப்பலில் இடம் பிடித்துக் கொடுக்கும் ஏஜெண்ட் தினமும் போன் செய்தார். நாச்சிமுத்துவின் பெயர் போட்ட அட்டைப் பெட்டிகள் விரிக்காமல் சுவரோரம் சாய்ந்து நின்றன. அவற்றைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். என் படிப்பைக் காட்டப் போய் ஒரு மனிதரின் ஆசையில் மண்ணைப் போட்டுவிட்டேனோ என்று எனக்குத் தூக்கமில்லை. நம் ஊர் முதலாளியாக இருந்தால் இதற்குள் என்னை நாலு வார்த்தை கேட்டிருப்பார். இவரோ வழக்கம்போல வந்து, "டீ குடிச்சீங்களாங்க?" என்பதோடு நிறுத்திக்கொண்டார். அந்தக் கேள்வி அந்த நாட்களில் எனக்கு எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்தது என்று அவருக்குத் தெரிந்திருக்காது.

கப்பலுக்கு இனி நேரமில்லை என்று ஏஜெண்ட் கைவிரிக்கப் போகும் நிலையில் ஹெலனின் பதில் வந்தது. என் மெயிலை அலுவலகத்தில் எல்லாருக்கும் படித்துக் காட்டினாராம். தங்களுக்கு இதுவரை சரக்குக் கொடுத்த யாரும் டேக்கைப் படித்ததாகக்கூடத் தெரியவில்லை என்று எழுதியிருந்தார். அதே இடத்துக்குள் அடங்கும்படி சரியான கதையை நானே எழுத வேண்டும், மரத்தின் படம் அப்படியே இருக்கலாம். கடைசியில் ஒரு கேள்வி: அப்படியானால் இது யாருடைய சொல்? குஜராத்தி என்று போடலாமா, தமிழ் என்று போடலாமா?

நான் அதைத் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் நாச்சிமுத்து எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுவிட்டார். திரும்பும்போது கண் சிவந்திருந்தது. "மரம் இருந்துட்டுப் போகட்டுங்க. பாக்க நல்லாத்தான் இருக்குது" என்றார். ஜிதுபாயைக் கூப்பிட்டுக் கேள்வியைச் சொன்னோம். "எங்க வார்த்தைன்னு போட்டுறாதீங்க. ராஜ்கோட்டுக்குப் போனா என்னைய மதராசிங்கறாங்க. பொறந்த எடத்தப் போடுங்க, வந்த வழியப் போடுங்க, இப்ப எங்க இருக்குதுன்னு போடுங்க. யாருதுன்னு மட்டும் போட வேண்டாமுங்க" என்றார். அப்படியே எழுதினேன். குஜராத்தி வியாபாரிகளின் பெயராகப் பிறந்து, போர்ச்சுகீசியர் வாயிலும் ஆங்கிலேயர் வாயிலும் பயணம் செய்து, ஒரு மரத்துக்கும் ஓர் ஆடைக்கும் பெயராகி, இன்று திருப்பூரில் பின்னி, வெட்டி, தைக்கப்படுவது என்பதுதான் அதன் சாரம். ஜிதுபாய் மற்ற வேலைகளை ஒதுக்கிவிட்டு அச்சடித்துக் கொடுத்தார். டேக் மாட்ட மாஸ்டரிலிருந்து வாட்ச்மேன் வரைக்கும் எல்லாரும் உட்கார்ந்தோம். நாச்சிமுத்துவும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அன்று மதியம் அம்மா போன் செய்தாள். என்ன செய்கிறாய் என்று கேட்டதற்கு, பனியனுக்கு டேக் மாட்டிக்கொண்டிருக்கிறேன் என்று சத்தமாகவே சொன்னேன்.

சரக்கு ஏற்ற லாரி சாயங்காலம் வந்தது. திருப்பூரிலிருந்து பெரும்பாலும் தூத்துக்குடித் துறைமுகத்துக்குத்தான் சரக்குப் போகும். விடிவதற்குள் அங்கே போய்ச் சேர்ந்துவிடும். வருடம் ஒருமுறை கிறிஸ்துமஸுக்கு நான் கூட்டத்தில் நசுங்கிக்கொண்டு போகிற அதே தெற்குப் பாதையில், நான் எழுதிய நாலு வரி என் ஊர்ப் பக்கம் வரை போய், என் அம்மாவைப் பார்க்காமலேயே கப்பலேறப் போகிறது. பெட்டிகளை ஏற்றி முடித்து, டிரைவர் கதவில் பூட்டுப் போட்டார். கோவில்பட்டிப் பக்கத்து ஆள் என்று அவர் பேச்சிலேயே தெரிந்தது. நாச்சிமுத்து ஒரு பெட்டியின் மேல் கை வைத்துத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் கதவை மூட விட்டிருந்தார். நான் டிரைவரிடம், "பாத்துப் போங்க, மழையில நனஞ்சுறப் போகுதுங்க" என்றேன். அவர் வண்டியில் ஏறியபடியே என்னைப் பார்த்து, "மேடத்துக்கு எந்த ஊரு?" என்று சும்மா கேட்டார்.

"இந்த ஊருதானுங்க" என்றேன் நான். அதே நேரத்தில் பக்கத்தில் நின்ற நாச்சிமுத்து, பெருமையாக, "உங்கூருப் பக்கந்தானுங்க அவங்க" என்றார். இரண்டு பதிலும் ஒன்றாகப் போய் விழுந்தன. டிரைவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்துவிட்டு வண்டியைக் கிளப்பினார். லாரி தாராபுரம் சாலையில் திரும்பித் தெற்கே போனது. என் ஊரை நோக்கிப் போகும் அந்த வண்டிக்கு, இந்த ஊரில் நின்றுகொண்டு நான் கையசைத்தேன்.